டிரஸ்ட் என்று வருகிறவர்களைப் போனிலேயே விசாரிக்கலாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் முன் பேசிய உரை)



ஷிப்ட் முடிச்சு, சோறாக்கி வைச்சுட்டு, சிலபேர் ஓவர்டைமையும் விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

அவினாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம் என்று எந்தப் பக்கம் போனாலும் குழுக்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது. கையில் பைல், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருத்தர் வருகிறார். "நாங்க டிரஸ்டுங்க, வெளிநாட்டு நிதி வந்திருக்கு, குழுவுக்கு ரெண்டு லட்சம், பாதி மானியம்" என்கிறார். ஆளுக்கு ஐநூறு ரூபாய் பதிவுக் கட்டணம், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் ஜெராக்ஸ் கேட்கிறார். பன்னிரண்டு பேர் குழு என்றால் 6,000 ரூபாய். செக்கிங் வேலைக்கும் கைமடிப்புக்கும் போகிற நமக்கு அது சின்னப் பணமா?

வருகிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கியபோது, ஊர் ஊராகப் போய் பெண்களை உட்கார வைத்துக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்ததில் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல நிறுவனத்தைச் சந்தேகப்பட்டு விரட்டினால் நஷ்டம் நமக்குத்தான். ஆக, நல்லது எது, போலி எது என்று பார்க்கத் தெரியணும். முன்பெல்லாம் இதற்குக் கலெக்டர் ஆபீசுக்கு நடக்கணும். இப்போது பாதி வேலையை நம்ம போனிலேயே முடிக்கலாம்.

முதலில் 'என்ஜிஓ தர்பன்' என்று கூகுளில் தேடுங்கள். நிதி ஆயோக் நடத்துகிற அரசுத் தளம் அது. மாநிலம், மாவட்டம் வாரியாகத் தொண்டு நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். பெயரைத் தொட்டால் எந்தச் சட்டத்தில் பதிவு, பதிவு எண், தேதி, பொறுப்பாளர் யார், என்ன வேலை செய்கிறார்கள் என்ற விவரம் வரும். பெயரைத் தேடும்போது ஒரு தொல்லை உண்டு. இங்கிலீஷில் 'ஸ்ரீ' என்பதையே நாலு விதமாக எழுதுவார்கள். முழுப் பெயரையும் தட்டினால் ஒன்றும் வராது. நடுவில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் தட்டிப் பாருங்கள். இங்கிலீஷ் வரவில்லையே என்று தயங்க வேண்டாம், பிளஸ் டூ படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இப்போ கவனமாகக் கேளுங்க. தர்பனில் பெயர் இருந்தால் அரசாங்கம் நற்சான்று கொடுத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நிறுவனம் தானே கொடுத்த விவரம்தான் அங்கே இருக்கிறது. அதற்கு நாங்கள் உத்தரவாதம் இல்லை என்று தளத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதேபோல் பெயர் இல்லாவிட்டால் போலி என்றும் முடிவு கட்டக் கூடாது. அங்கே பதிவது அவரவர் விருப்பம், சின்ன டிரஸ்டுகள் பல பதியாமலே இருக்கின்றன. பின்னே எதற்குப் பார்க்கணும் என்றால், வந்தவர் நோட்டீசில் போட்டிருக்கும் பதிவு எண்ணும் தேதியும் பொறுப்பாளர் பெயரும் தளத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான். ஒத்துவராவிட்டால் அதை வைத்தே கேள்வி கேளுங்கள். இன்னொன்று, தர்பன் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. தர்பனில் பதிய உங்கள் குழுவிடம் யாராவது பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

அடுத்தது வெளிநாட்டு நிதி. இதில்தான் நம்ம ஆட்கள் மயங்கிப் போகிறார்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க, 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையில் பதிவு வேண்டும். சுருக்கமாக 'எப்சிஆர்ஏ' என்பார்கள். அந்தப் பதிவு ஐந்து வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்கணும். 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து சேர வேண்டியது டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு மட்டும்தான். ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது, தன் திட்டத்துக்குத் தானே செலவழிக்கணும். ஆகவே "லண்டன் பணத்தை உங்க கூட்டமைப்புக் கணக்குக்கு அப்படியே மாத்தி விடறோம், பத்து பர்சென்ட் மட்டும் கொடுங்க" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சு சட்டத்தோடு ஒட்டவே இல்லை.

முன்பு உள்துறைத் தளத்தில் ஒவ்வொரு நிறுவனமும் எவ்வளவு வாங்கியது, எங்கே செலவழித்தது என்ற ஆண்டறிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். எங்களைக் கேட்டால், நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய இழப்பு. அதனால் இப்போது நிறுவனத்திடமே கேளுங்கள்: "உங்க தணிக்கைக் கணக்கை எந்த வெப்சைட்டில் போட்டிருக்கீங்க?" ஒழுங்கான நிறுவனம் இதைக் கேட்டால் கோபப்படாது.

சரி, அந்த லண்டன் நிறுவனம் நிஜமா? அதையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் 'சாரிட்டி கமிஷன்' என்ற அரசு அமைப்பு தொண்டு நிறுவனங்களின் பதிவேட்டைத் திறந்தே வைத்திருக்கிறது. பெயரையோ எண்ணையோ தட்டினால் வருமானம், செலவு, அறங்காவலர் பெயர் எல்லாம் வரும். அமெரிக்காவில் நிறுவனங்கள் வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் '990' படிவத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம், 'புரோபப்ளிகா' என்ற செய்தி நிறுவனம் அவற்றைத் தேடிப் பார்க்க வசதி செய்து கொடுத்திருக்கிறது. நம்ம பெண்களைப் பற்றி வெளிநாட்டில் உட்கார்ந்து படிக்கிறார்களே, நாம் அவர்களைப் பற்றிப் படித்தால் என்ன? சுமங்கலித் திட்டத்தில் ஸ்பின்னிங் மில்லுக்குப் போன பிள்ளைகளைப் பற்றி 2011-ல் நெதர்லாந்தின் சோமோ உள்ளிட்ட இரண்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. அது வந்த பிறகுதான் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் பலர் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். விவரத்துக்கு அப்படி ஒரு பலம்.

கம்பெனி தரும் சிஎஸ்ஆர் பணம் பற்றியும் அடிக்கடி கேட்கிறீர்கள். நம்ம ஊரில் நாலு ஓவர்லாக் மிஷின் போட்டிருந்தாலும் கம்பெனி என்றுதான் சொல்கிறோம். சட்டத்தில் அப்படி இல்லை. 2013 கம்பெனிகள் சட்டப்படி பதிவான கம்பெனியாக இருக்கணும். அதிலும் நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்பனை 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி தொட்டிருக்கணும். அவர்கள்தான் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கக் கடமைப்பட்டவர்கள். பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் பனியன் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் எந்தக் கம்பெனி, எந்த மாநிலத்தில், எதற்கு, எவ்வளவு செலவழித்தது என்று பார்க்கலாம். "அந்தக் கம்பெனி பணம் எங்களுக்கு வந்திருக்கு" என்று சொல்பவரிடம் சிஎஸ்ஆர் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் அந்த எண் இல்லாத நிறுவனம் இந்தப் பணத்தை வாங்க முடியாது.

டெபாசிட் என்று கேட்டால் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தைப் பாருங்கள். 2016-ல் தொடங்கியது. டெபாசிட் வாங்க அனுமதி உள்ளவர்களா என்று தேடலாம், புகாரும் கொடுக்கலாம்.

போனில் கிடைக்காததற்குப் பழைய வழி இருக்கவே இருக்கிறது. சங்கமாகப் பதிந்திருந்தால் 1975-ம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்யணும். பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தரணும்.

இன்னொரு வேலையும் இருக்குங்க. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் தளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று உள்ளே போனால் நம்ம குழுக்களின் பெயரும் வரும். உங்கள் குழு இருக்கிறதா, உறுப்பினர் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் தீர்மானம் எழுதி ஒன்றிய அலுவலகத்தில் கொடுங்கள். பார்க்கும்போது ஆதார் எண்ணோ ஓடிபியோ கேட்கிற பக்கம் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள், வெறுமனே பார்ப்பதற்கு அதெல்லாம் தேவையில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊருக்கு இந்த வருடம் வந்துபோன டிரஸ்ட் நோட்டீசோ விசிட்டிங் கார்டோ கொண்டுவாங்க. போனில் சார்ஜ் போட்டு வாங்க, எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, தெரிந்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுவோம். அதுவரை யாருக்கும் பதிவுக் கட்டணம் கொடுக்க வேண்டாம்.