பூனை மிதித்தால் ஓசை. காது கொடுத்தால் இசை

(மரக்காணத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘இன்றைய சோதனை இசை: இசையே! வெறும் ஓசையே!’ ‘இசையே’ என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, “வெறும் ஓசையே” என்று இவ்வளவு நேரம் ஓசை எழுப்பிய எதிரணி நண்பர்களே (சிரிப்பு), உப்புக் காற்றிலே உட்கார்ந்து தமிழைச் சுவைக்க வந்திருக்கிற மரக்காணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரே போடாகப் போட்டார். “இந்தப் புது இசையைக் கேட்டா, ஆர்மோனியத்து மேலே பூனை ஓடின மாதிரி இருக்கு” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். நல்ல நகைச்சுவைக்குக் கட்சி கிடையாது. ஆனா அம்மா, பூனையை அவ்வளவு லேசா நினைச்சுடாதீங்க! இராமாயணம் பாட உட்கார்ந்த கம்பன் தன்னை எதோடு ஒப்பிட்டான்? சிங்கத்தோடா? பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று போன ஒரு பூனையோடு ஒப்பிட்டான். நல்லவேளை, அந்தப் பூனை பாற்கடலுக்குப் போச்சு. மரக்காணத்துக்கு வந்து, வெள்ளையா இருக்கேன்னு உப்பளத்திலே வாயை வெச்சிருந்தா, இராமாயணம் அவையடக்கத்தோடயே நின்னிருக்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

இனி வழக்குக்கு வருகிறேன். ஏழு சுரம் எங்கிருந்து வந்தது? நம் நாட்டு இசை நூல்கள் ஒரு மரபு சொல்லுகின்றன. சட்ஜம் மயிலின் குரல், ரிஷபம் எருது, காந்தாரம் ஆடு, மத்தியமம் கிரௌஞ்சப் பறவை, பஞ்சமம் குயில், தைவதம் குதிரை, நிஷாதம் யானை. ஆட்டுக்கு இடம் உண்டு, யானைக்கு இடம் உண்டு, பூனைக்கு மட்டும் இல்லை! பட்டியல் எழுதின அன்னைக்கு அது அடுப்படியிலே பால் சட்டிகிட்டே இருந்திருக்கும் போல. (சிரிப்பு)

நான் கேட்கிறேன். காந்தாரம் பாடணும்னு நினைச்சா ஆடு கத்திச்சு? பசிச்சுது, கத்திச்சு. அந்தக் கத்தலிலே காந்தாரத்தைக் கேட்டவன் மனிதன். ஓசை ஆட்டுடையது, இசை, கேட்டவன் காதிலே பிறந்தது. இதுதான் என் கட்சி.

இத்தாலியிலே பிறந்த டொமெனிகோ ஸ்கார்லாட்டி என்று ஒரு மேதை. 1730-களின் கடைசியில் 30 உருப்படிகளை அச்சிட்டார். அதிலே 30-ஆவது உருப்படிக்குப் ‘பூனை ஃபியூக்’ என்று பின்னால் வந்தவர்கள் பேர் வைத்தார்கள். அவர் வளர்த்த பூனை கட்டை மேலே நடந்ததாம். அந்தச் சுரங்களையே எடுத்துக்கொண்டு அவர் உருப்படி செய்தாராம். கதைதான். ஆனால் அந்த எடுப்பு கோணல்மாணலாகத்தான் ஏறும். அதை ஏற்றுக்கொண்டு அவர் கட்டிய மாளிகை கோணல் இல்லை.

கதை வேண்டாம், சாட்சி வேண்டும் என்பீர்கள். அமெரிக்காவிலே பியானோ ஆசிரியை ஒருவர் வீட்டில் நோரா என்று ஒரு பூனை. முன்னங்காலாலே கட்டையைத் தட்டும். 2007-ல் அந்தப் படம் இணையத்திலே உலகமெல்லாம் பரவியது. லிதுவேனியா நாட்டிலே மிண்டவ்காஸ் பியேசைட்டிஸ் என்று ஓர் இசைக்குழு நடத்துநர். பஸ் நடத்துநர் இல்லீங்க! (சிரிப்பு) 2009-ல் கிளைபெடா நகரிலே அவர் ஒரு கச்சேரி வைத்தார். திரையிலே நோரா, கீழே இசைக்குழு. உருப்படிக்குப் பேர் ‘கேட்செர்ட்டோ’. பூனை தட்டும்போது வாத்தியங்கள் அடங்கி இடம் கொடுக்கும். பூனை விட்ட இடத்திலே எடுத்துக்கொள்ளும். நம்ம ஊரிலே பாடகர் தாளம் தப்பினா மிருதங்கக்காரர் தூக்கி நிறுத்துவாரே, அது மாதிரி! பூனைக்குத் தாளம் தெரியாது. தாளம் தெரிந்தவர்கள் பூனைக்குக் காது கொடுத்தார்கள். இசை ஆயிற்று.

எதிரணித் தலைவர் கேட்டார்: “சத்தமே போடாதவனையும் இசைங்கிறீங்களே, அது என்ன நியாயம்?” ஜான் கேஜைச் சொல்கிறார். 1952 ஆகஸ்டிலே, நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக்கிலே, டேவிட் டியூடர் என்ற கலைஞர் பியானோ முன்னால் உட்கார்ந்தார். 4 நிமிடம் 33 வினாடி. ஒரு கட்டையைத் தொடவில்லை. அதுதான் கேஜ் எழுதிக் கொடுத்த உருப்படி. அதிலே மூணு பகுதி வேற! பூனையாவது உழைச்சுதுங்க, இவர் உட்கார்ந்துட்டு எழுந்துட்டார்! (பலத்த சிரிப்பு)

ஆனால் அன்றைக்கு அங்கே மௌனமா இருந்தது? வெளியே காற்று, கூரையிலே மழைத் துளி, எழுந்து போனவர்களின் முணுமுணுப்பு. “இதைக் கேள்” என்பதுதான் கேஜ் சொன்ன செய்தி.

நாளைக் காலையிலே நீங்கள் இந்த அளத்து வரப்பிலே 4 நிமிடம் 33 வினாடி நின்று பாருங்கள். பாத்திக்குத் தண்ணீர் ஏறுகிற சலசலப்பு. உப்பை வாருகிற பலகையின் சரசரப்பு. தலைச்சுமையை இறக்கி வைக்கிற அம்மாவின் பெருமூச்சு. அந்த உழைப்பைத் தினமும் சோற்றிலே போட்டுச் சாப்பிடுகிறோம். ஒரு நாளாவது காதாலே கேட்டிருக்கிறோமா? (கைதட்டல்)

“அப்படின்னா பூனைக்கும் கலைஞனுக்கும் வித்தியாசமே இல்லையா?” உண்டு. பூனை நம்மைக் கேட்கச் சொல்லவில்லை. நாம் கை தட்டாவிட்டாலும் அதுக்குப் பால் உண்டு. கலைஞன் நம் காதை நம்பி வந்தவன்.

இந்த மண்ணுக்கு உரிய பாட்டு சிறுபாணாற்றுப்படை. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அதிலே வருகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் பாட்டிலே, கொற்கைக் கரையைச் சொல்லும்போது, நத்தத்தனார் ஒரு காட்சி காட்டுகிறார். உப்பு வணிகரின் வண்டியோடு வந்த மந்தி, கிளிஞ்சலுக்குள்ளே முத்தைப் போட்டு மூடி, உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. குரங்கு செய்த வாத்தியம்! சோதனை இசைக்கு இதைவிட வேறென்ன வேணும்? “சீ, குரங்குச் சத்தம்” என்று புலவர் காதைப் பொத்தவில்லை. பாட்டிலே இடம் கொடுத்தார்.

அதே பாட்டிலே பாணன் வீட்டு அடுப்படியும் வருகிறது. ஈன்ற நாய் பசியாலே குரைக்கிறது. குப்பையிலே முளைத்த வேளைக்கீரையைப் பறித்து வந்து, உப்பில்லாமல் வேக வைக்கிறாள் கிணைமகள். யாராவது பார்த்துவிட்டால் மானம் போகுமே என்று கதவை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு உண்கிறார்கள். நெய்தல் கரை முழுக்க உப்பு. யாழ் வாசிக்கிறவன் உலையிலே ஒரு கல் உப்பு இல்லை. (அமைதி)

நடுவர் அவர்களே, “இது வெறும் ஓசை” என்று ஒரு சொல்லாலே நாம் தள்ளினால், எங்கேயோ ஓர் உலையிலே உப்பு குறைகிறது. பறையை இரைச்சல் என்று ஊருக்கு வெளியே நிறுத்தியவர்களும் காது உள்ளவர்கள்தான். தமிழ்நாட்டிலே தமிழ்ப் பாட்டையே துக்கடா என்று கச்சேரியின் கடைசிக்குத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. தமிழிலே பாடுங்கள் என்று கேட்க ஓர் இயக்கமே தேவைப்பட்டது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் காண வேண்டியிருந்தது. (கைதட்டல்)

மரக்காணத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பைக் கண்ணாலே பார்த்துக் கரிப்பு சொல்ல முடியுமா? நாக்கிலே வெச்சுப் பார்க்கணும். புது இசையும் அப்படித்தான். முழுசாக் கேளுங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு தாராளமாச் சொல்லுங்க. அது உங்க உரிமை. கேட்காமலே ‘பூனை’ன்னு மட்டும் சொல்லாதீங்க. பூனை கோவிச்சுக்கும்! (சிரிப்பு)

கேட்கக் காது இருக்கும் வரை அது இசையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)