காமன் பொட்டலும் ஓர் அரங்கமே

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நடத்தும்போதெல்லாம் இளங்கோவடிகள் தரும் மேடைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவேன். நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல், எழினிகள் மூன்று. மாணவர் ஆவலோடு எழுதிக்கொள்வர். ஆனால், தங்கள் தோட்டத்தில் மாசி மாதம் ஆடப்படும் காமன்கூத்தும் நாடகந்தான் என்றால் சிரித்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தமிழகத்திலிருந்து தம்மோடு கொண்டுவந்த கூத்து இது. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவர். வேடம் புனைவோர் அன்றுமுதல் விரதம் காப்பர். ரதியும் மதனும் தப்பு முழங்க வீடுவீடாக ஆடிவருவர். நிறைவு இரவில் முழுக்கதையும் பொட்டலில் நடக்கும்.

எல்லவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் அதை விடிய விடியப் பார்த்திருக்கிறேன். மேடை இல்லை, திரை இல்லை. தேயிலைச் சரிவே பின்சுவர். லயத்து வாசற்படிகளே ஆசனங்கள். சிவனுடைய தவத்தைக் கலைக்கக் கரும்பு வில்லோடு மதன் புறப்படுகிறான். தீய கனவு கண்ட ரதி அவனைத் தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை, நெற்றிக்கண்ணின் தீயில் எரிந்துபோகிறான். ரதியாக ஆடியவர் பகலில் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. அவர் ஒப்பாரி வைத்தபோது, கணவனை இழந்த பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்ததே. எரிந்த காமனை மூன்றாம் நாள் எழுப்புவார்கள் என்பதும் தெரிந்ததே. இருந்தும் அழுதார்கள். நாடகத்திற்கு இதைவிட வேறென்ன இலக்கணம் வேண்டும்?

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றைக் கண்டபின் படித்தவர்களும் கூத்தை மதிக்கத் தொடங்கினர். காமன்கூத்துக்கு மேடை மட்டும் கிடைத்தால் போதாது. அது ஊரோடு சேர்ந்து வாழும் கூத்து. இரண்டு வாரம் விரதமிருக்க ஊரில் ஆள் வேண்டும். இளைஞர்களோ கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு லீவு கிடைக்கிறது, மாசிக்குக் கிடைப்பதில்லை. பாட்டுகளோ கூத்து வாத்தியாரின் நினைவில் இருக்கின்றன. அவர் மறைந்தால் ரதியின் புலம்பலும் அவரோடு போய்விடும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாசியில் மாணவரைப் பொட்டலுக்கு அழைத்துச் செல்லுங்கள். வாத்தியாரின் சம்மதத்தோடு பாட்டுகளை இராகத்துடன் கைப்பேசியில் பதிவுசெய்யச் சொல்லுங்கள்; சொற்களை ஒரு கொப்பியில் எழுதச் செய்யுங்கள். அரங்கேற்று காதையை அதன்பிறகு நடத்துங்கள். அப்போது எந்தப் பிள்ளையும் சிரிக்காது.