பழைய பொறிக்குக் காவல் யார்?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் கணினியைப் பற்றியது. ஆயினும் கணினிப் பழக்கமில்லாத பெரியோர்கள் அஞ்சவேண்டியதில்லை. ஒரு பொதுப்பொருளைக் கட்டிக்காக்கும் பொறுப்பு எவருடையது என்பதே என் பேச்சின் சாரம்.

லினக்ஸ் என்பது பலர் கூடி ஆக்கி, எவரும் இலவசமாகப் பெற்று வழங்கக்கூடிய மென்பொருள். பல குழுவினர் அதனைத் தத்தம் முறையில் தொகுத்து வெளியிடுகின்றனர். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. அக்காலம் முடியும் வரை, அதிற் காணப்படும் ஓட்டைகளை வெளியிட்டோரே அடைத்துத் தருவர். முடிந்தபின் அவர்கள் கவனம் புதிய வெளியீட்டுக்குச் சென்றுவிடும்.

ஆயுள் முடிந்த அன்றே பொறி நின்றுவிடுமாயின் எல்லாரும் விழித்துக்கொள்வர். அதுவோ நிற்பதில்லை. மறுநாளும் முன்போலவே கடிதம் அனுப்பும், கணக்கு வைக்கும். பின்னர் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மாத்திரம் அடைபடாமற் கிடக்கும். களவெண்ணம் உடையவன் அவற்றைத் தேடி அறிவான். பொறிக்கு உரியவரோ அறியார். அப்பொறியில் நோயாளரின் குறிப்பும் மாணவரின் பெறுபேறும் இருந்தால், பாதிக்கப்படுவோர் அந்த அப்பாவிகளே.

“புதியதை இட்டுக்கொண்டால் என்ன?” என்று கேட்பீர்கள். அதுவே சிறந்த வழி. ஆனால் பழைய வெளியீட்டை நம்பி எழுதப்பட்ட செய்நிரல்கள் புதியதில் இயங்காமற் போவதுண்டு. மாற்றுவதற்குப் பணமும் ஆளும் காலமும் வேண்டும். அந்த இடைக்காலத்திற்கு யார் காவல்?

இக்கேள்விக்கு விடை காண முயன்ற இரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்கின்றேன்.

அமெரிக்க நிறுவனமான ரெட் ஹற், தனது ரெட் ஹற் லினக்ஸ் வரிசையை 9ஆம் வெளியீட்டுடன் நிறுத்தியது. அதற்கான ஆதரவு 2004 ஏப்ரல் 30இல் முடிந்தது. கைவிடப்பட்ட வெளியீடுகளைக் காப்பதற்கென்று தொண்டர்கள் பெடோரா லெகசி என்னும் முயற்சியைத் தொடங்கியிருந்தனர். நோக்கம் உயர்ந்தது, உழைத்தவர்களும் திறமைசாலிகள். ஆனால் ஒவ்வொரு திருத்தத்தையும் சிலர் பரிசோதித்து “சரி” என்று சொன்ன பின்னரே வெளியிடலாம். பெற்றுக்கொள்ளப் பலர் இருந்தனர். பரிசோதிக்க ஆட்கள் போதவில்லை. ஆயத்தமான திருத்தங்களும் காத்துக் கிடந்தன. 2006ஆம் ஆண்டின் முடிவோடு அம்முயற்சி ஓய்ந்தது.

இனி டெபியனைப் பார்ப்போம். 1993இல் தொடங்கிய இதுவும் தொண்டர்களின் படைப்பே. அதன் 6ஆம் வெளியீட்டிற்குரிய வழக்கமான ஆதரவு 2014 மே 31இல் முடிந்தது. அப்பொழுது நீண்டகால ஆதரவு என்னும் ஏற்பாட்டைச் செய்து, 2016 பெப்ரவரி வரை அதனைக் காத்தனர். பழைய பொறிகளால் பயன்பெறும் நிறுவனங்கள் பணம் செலுத்தின. பிரெக்சியன் என்னும் நிறுவனம் அப்பணத்தைத் திரட்டி, டெபியன் தொண்டர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் கொடுத்தது. ஊதியம் பெற்றவர்கள் தாம் செய்த வேலையை மாதந்தோறும் பகிரங்கமாக அறிவித்தனர். திருத்தங்களோ பணம் கொடுத்தவருக்கும் கொடாதவருக்கும் ஒருங்கே கிடைத்தன.

இதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 2014 செப்டெம்பரில், பாஷ் என்னும் செய்நிரலில் ஏறக்குறைய 25 ஆண்டுகளாக ஒளிந்திருந்த பெரிய ஓட்டையொன்று வெளிப்பட்டது. அதற்கு ஷெல்ஷொக் என்று பெயரிட்டனர். ஆயுள் முடிந்து நான்கு மாதமும் நிரம்பாத டெபியன் 6இற்கும் அம்மாதமே திருத்தம் வந்துசேர்ந்தது. காவலர் இல்லாதிருந்தால் அப்பொறிகளெல்லாம் திறந்த வீடாகவே கிடந்திருக்கும்.

இவ்வேலை இலகுவானதன்று. புதிய வெளியீட்டிற்கு எழுதிய திருத்தத்தை அப்படியே பழையதில் ஒட்டமுடியாது. ஓட்டையை மாத்திரம் அடைத்து, மற்றெதுவும் மாறாதபடி பொருத்தவேண்டும். எல்லாவற்றையும் காக்கவும் இயலாது. எவற்றைக் காக்க முடியாது என்பதையும் டெபியனார் ஒளிக்காமற் பட்டியலிட்டு அறிவித்தனர். அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

அன்பர்களே, இரு கூட்டத்தாரிடமும் நல்லெண்ணத்திற்குக் குறைவில்லை. ஒன்றில் பயன்பெற்றோர் பார்த்திருந்தனர். மற்றதில் பங்கு கொடுத்தனர். வேறுபாடு அங்கேதான் இருக்கின்றது. பங்குக் கிணற்றில் எல்லாரும் தண்ணீர் அள்ளுவோம். தூர் வாரும் நாளில் ஒருவரும் வராவிட்டால் கிணறு என்னாகும்?

வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் வேலைத்தலத்திலும் உள்ள பொறியின் ஆயுள் எந்நாளில் முடிகின்றதென்று இன்றே பாருங்கள். அறிவுடையோர் ஒரு திருத்தத்தையேனும் பரிசோதித்து உதவுங்கள். நிர்வாகம் நடத்தும் பெரியோர்களே, இலவசமாகப் பெற்ற பொருளின் காவலுக்கும் வரவுசெலவில் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள்.