எழுத்துக் கூட்டி ஒரு விளையாட்டு



எழுத்தட்டைகளைக் கூட்டிச் சொல்லாக்கும் விளையாட்டில் தமிழாசிரியர் தோற்பாரா என்று நீங்கள் கேட்கலாம். நான் பலமுறை தோற்றிருக்கிறேன். அதில் எப்படித் தேறினேன் என்பதே இன்றைய பேச்சு.

ஸ்கிரபிள் விளையாட்டை உருவாக்கியவர் அல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்திருந்த அவர், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று எண்ணி, அதன்படி எழுத்துகளைப் பங்கிட்டார். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கோ 247. கண்டியில் என் மாணவர்கள் தமிழுக்கு அட்டை வெட்ட முற்பட்டபோது முதலில் மலைத்தே போனோம்.

வழிகாட்டியது இலக்கணந்தான். உயிர் 12, மெய் 18, ஆக 30 வகை அட்டைகள் போதும். மெய்யின்மேல் உயிரை வைத்தால் உயிர்மெய். ‘மலை’க்கு ம், அ, ல், ஐ என நான்கு அட்டை. நாங்களும் ஒரு தமிழ்ப் பத்திரிகையை விரித்து வைத்து எண்ணினோம். அகரத்துக்கே அதிக அட்டை வெட்ட வேண்டியிருந்தது.

ஆட்டத்தில் தேறவும் இலக்கணம் உதவும். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ஆகவே கையில் க், ட், ப் நிறைந்திருந்தால் ஓர் உகரத்தைச் செலவழிக்காமல் வைத்திருங்கள்: பாக்கு, கட்டு, உப்பு எல்லாம் அதனால் பிழைக்கும். ங் கிடைத்தால் க் வரும்வரை பொறுத்திருங்கள். நீண்ட சொல்லையே தேடி அலையாதீர்கள். பலகையில் ‘கல்’ கிடந்தால் முன்னே ஓர் அகரம் வைக்க ‘அகல்’ ஆகும்; ‘பகல்’, ‘நகல்’ ஆகும்; பின்னே நீட்டினால் ‘கல்வி’ ஆகும்.

இவையெல்லாம் தெரிந்த பின்னும் ஒருநாள் நான் தவறினேன். ஹந்தானைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் தரம் 8 மாணவன் ‘லயம்’ என்று அடுக்கினான். “லகரம் மொழிக்கு முதலாகாது, எடு” என்றேன்.

“நாங்க லயத்துலதானே சேர் இருக்கோம்” என்றான். பிறகு ஒன்றும் பேசாமல் ஐந்து அட்டைகளையும் எடுத்துக்கொண்டான். அன்று நான் வென்றேன், ஆறு புள்ளியால்.

இரவு உறக்கம் வரவில்லை. இசையில் வரும் லயத்தை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! அதுவும் லகரத்தில்தானே தொடங்குகிறது? வடசொல் என்று அதற்கு வழிவிட்ட நான், ஆங்கில ‘லைன்’ மலையகத்தார் வாயில் லயமானதற்கு மட்டும் இலக்கணம் பேசியிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக மக்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் பெயர் அது.

நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே சொற்பட்டியலை மனனஞ்செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை வென்றார். அங்கே முடிந்த முடிபாக ஒரு பட்டியல் இருக்கிறது. எங்கள் மேசையில் அப்படியொன்று இல்லை. பட்டியலாக இருந்தவன் நான்தான். அந்தப் பட்டியலில் அவன் வீடு இல்லாமற் போயிற்று.

மறுவாரம் ஆட்டம் தொடங்குமுன் எல்லோர் முன்னிலையிலும் அவன் வெற்றியை அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன். புது விதியும் செய்தோம். அகராதியில் இல்லாவிட்டாலும், இருவர் பொருள் சொல்லக்கூடிய வழக்குச்சொல் செல்லும்; அதைக் கொப்பியில் பதிய வேண்டும். முதற் பக்கத்தில் லயம், கவ்வாத்து, பெரட்டு என்று அவனே எழுதினான்.

ஆகவே நேயர்களே, இவ்விளையாட்டில் தேற விரும்புவோர் அகராதியைப் புரட்டுங்கள், இலக்கணத்தையும் மறவாதீர்கள். அத்தோடு எதிரே இருப்பவர் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பதற்கும் காது கொடுங்கள். நான் அப்படித்தான் தேறிவருகிறேன். ஆனாலும் அந்தப் பையனை இன்னும் வெல்ல முடியவில்லை.