கரண்டி பிடித்த கைக்கும் ஒரு சான்றிதழ்

புளியறைப் பெருமக்களே, வேலை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் கொத்தனார் அண்ணாச்சிமார்களே, சித்தாள் வேலை பார்க்கும் அக்காமார்களே, பாலிடெக்னிக் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே!

பசுமைக் கட்டடத் துறையில் பயிற்சியும் சான்றிதழும் பெறுவது பற்றிப் பேச அழைத்தார்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கட்டடத்துக்குத் தரும் சான்று வேறு, ஆளுக்குத் தரும் சான்று வேறு. மின்சாரம், தண்ணீர், சிமென்ட் எல்லாவற்றையும் சிக்கனமாகச் செலவழித்து, உள்ளே இருப்பவருக்குக் காற்றும் வெளிச்சமும் தாராளமாகக் கொடுக்கிறதா என்று பார்த்துக் கட்டடத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்கர்கள் கொண்டுவந்த 'லீட்' அப்படி ஒன்று. நம் நாட்டில் இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் 2001-இல் தொடங்கியது. தலைமையிடம் ஹைதராபாத். அங்கேயுள்ள கோத்ரெஜ் பசுமை வணிக மையம்தான் அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் வாங்கிய முதல் கட்டடம். 2004-இல் அதைத் திறந்துவைத்தவர் நம் ராமேசுவரத்து அப்துல் கலாம். டெரி நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து உருவாக்கிய 'கிருஹா' நட்சத்திரக் கணக்கில் மதிப்பிடுகிறது.

ஆளுக்கான சான்றுக்குப் பரீட்சை உண்டு. லீட் கிரீன் அசோசியேட் ஆவதற்கு 2 மணி நேரம், 100 கேள்விகள். 200-க்கு 170 எடுத்தால் தேர்ச்சி. அதோடு விடமாட்டார்கள். 2 ஆண்டுக்கு ஒருமுறை 15 மணி நேரம் மேற்கொண்டு படித்துப் புதுப்பிக்க வேண்டும். ஹைதராபாத் கவுன்சிலும் கிருஹாவும் தனித்தனியே தேர்வு வைக்கின்றன. சிவில் படித்த பிள்ளைகள் தயங்காமல் எழுதுங்கள்.

சரி, கணினியில் போட்ட கணக்குப்படி சுவர் எழும்ப வேண்டுமே! அதை எழுப்புகிறவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு நாம் என்ன பரீட்சை வைத்திருக்கிறோம்?

கணவாயைத் தாண்டிப் போனால் திருவனந்தபுரம். 1956 வரை இந்தச் சீமையும் திருவிதாங்கூர்தானே! அங்கே லாரி பேக்கர் என்று ஒருவர் இருந்தார். சிரிக்காதீர்கள், நம் செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும் லாரி இல்லை. பர்மிங்காமில் கட்டடக்கலை படித்த ஆங்கிலேயர். காந்தியைச் சந்தித்தவர். இந்தியராகவே வாழ்ந்து 2007-இல் மறைந்தவர். செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை ஊரெங்கும் பரப்பினார். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம். பொந்தில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். காகிதத்தில் இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் கலவை பொந்துக்குள் விழாமல் பரப்பவும், மூலை திருப்பவும், ஜன்னல் ஓரத்தில் பொந்தை அடைத்து முடிக்கவும் கைப்பழக்கம் வேண்டும். அதனால்தான் பேக்கர் வேலைத்தலத்திலேயே நின்று, கொத்தனார்களோடு பேசிப் பேசிக் கட்டினார். 1985-இல் உருவான காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு இன்றும் அந்த வழியில் கட்டுகிறது.

இந்தப் பக்கம் ஆரோவில். அங்கே 1989-இல் தொடங்கிய மண் கட்டடப் பணிதான் இன்று ஆரோவில் புவி நிறுவனமாக நிற்கிறது. சலித்த மண்ணில் நூற்றுக்கு 5 பங்கு சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல் அறுக்கிறார்கள். சூளை கிடையாது. 4 வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். விகாஸ் குடியிருப்பில் நான்கு தளக் கட்டடத்தையே இப்படி எழுப்பிக் காட்டினார்கள். பயிற்சிக்குப் போகிறவர் மண்ணைத் தொட்டும் முகர்ந்தும் சோதிப்பதில்தான் பாடம் ஆரம்பிக்கிறது. இதைக் கேட்டுவிட்டு யாரும் வயலைத் தோண்டிவிடாதீர்கள்! நெல் விளையும் களிமண் தனியே இதற்கு ஆகாது. பாதிக்குப் பாதி மணல் வேண்டும், களி ஐந்தில் ஒரு பங்கு போதும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று சாரலைச் சாய்த்து அடிக்கும்போது மேற்குச் சுவர் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டன் கட்டிய ஓட்டு வீட்டில் தாழ்வாரம் தலை இடிக்கும் அளவுக்கு இறங்கியது அதற்காகத்தான். இன்றைக்கு மேற்கே கண்ணாடி ஜன்னல் வைக்கிறோம், மேலே ஒரு சாண் சன்ஷேடு, சுவரெல்லாம் பாசி, பகலிலும் லைட். ஹைதராபாத் கேள்வித்தாளில் புளியறைச் சாரல் வராது. அந்தப் பாடத்துக்கு இங்குள்ள மூத்த கொத்தனார்தான் வாத்தியார். அவரைப் பாடம் நடத்த அழைக்காத பயிற்சி அரைப் பயிற்சி என்றே நான் சொல்வேன்.

ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் நம் வாசல் வழியே மேற்கே போகின்றன. மலையை உடைத்து அனுப்புகிறோம். குறைந்த கல்லில் வீடு கட்டும் வித்தையையாவது அங்கிருந்து வாங்கி வர வேண்டாமா?

பட்டமில்லாமல் தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று கொடுக்க, முன்கற்றல் அங்கீகாரம் என்ற ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பசுமைக் கட்டட வேலைக்குக் கேட்டு வாங்குவோம். தேர்வு தமிழில் இருக்கட்டும். தாளில் வேண்டாம், சுவரைக் கட்டச் சொல்லி மதிப்பெண் போடட்டும். பயிற்சி நாட்களுக்கு அன்றைய கூலியை அரசே கொடுக்கட்டும், இல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். இன்னொன்று, இருபது வருடம் கலவை சுமந்த பெண் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார். கரண்டி அவர் கைக்கு வருவதே இல்லை. பயிற்சி இடங்களில் பாதி அவர்களுக்குத்தான்.

மாவட்ட ஆட்சியருக்கு இதைத் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறேன். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். முதலில் அக்காமார்கள்.