அய்கோவும் ஐயோவும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேச இந்த அவையில் வல்லார் பலர் உளர். எனக்குத் தரப்பட்ட நேரத்தை, இலக்கண நூல்கள் கடைசி இயலுக்குத் தள்ளிவிடும் சில சிறு சொற்களுக்குச் செலவிட விரும்புகிறேன். கொரிய மக்கள் வீட்டிலும் தெருவிலும் வியந்தும் சலித்தும் நொந்தும் உதிர்க்கின்ற சொற்கள் அவை. இன்று நம் இளைஞர் பலர் கொரிய மொழி பயில்கின்றனர். தொலைக்காட்சித் தொடர்கள் அதற்கு ஒரு காரணம். 1998 முதல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் கொரிய நிறுவனம் ஒன்றின் கார்கள் உருவாகி வருவது இன்னொரு காரணம். ஆயின் அவர்கள் கையிலுள்ள பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே கொரியம் கற்பிப்பவை. இடையே ஆங்கிலம் நிற்பதனால் நாம் இழப்பது என்ன என்பதே என் பேச்சின் பொருள்.

கொரிய இலக்கணத்தார் சொற்களை ஒன்பது வகையாகப் பகுத்து, அவற்றுள் வியப்புச் சொல்லுக்குத் தனியிடம் தந்துள்ளனர். 'கம்தன்சா' என்பது அதன் பெயர். நம் இலக்கணமோ பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்து, 'ஐயோ', 'அந்தோ' போன்றவற்றை இடைச்சொல்லில் அடக்கிவிட்டது. அவர்கள் இவற்றைச் சற்றே கூடுதலாக மதித்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் 'அய்கோ'. கேட்டவுடன் நம் 'ஐயோ' நினைவுக்கு வரும். இத்தகைய ஒலியொப்புமைகள் புதியன அல்ல. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். 'அப்பா', 'ஒம்மா' என்று கொரியக் குழந்தை அழைப்பதைக் கேட்டு உறவு கொண்டாடாத தமிழர் இல்லை. எனினும் இவ்விரு மொழிகளும் ஒரு குடும்பத்தவை என்பதை மொழியியலார் இன்று ஏற்பதில்லை. குழந்தையின் வாயும் துயருற்றவன் வாயும் எங்கும் ஏறத்தாழ ஒரே ஒலியைத்தான் எழுப்பும். ஆகவே உறவு முறையை விட்டுவிட்டுச் சொல்லைப் பார்ப்போம்.

கொரியரின் பழைய சாவு வழக்கத்தில் இறந்தவரின் மக்கள் 'அய்கோ, அய்கோ' என்று அரற்றுவர். அதே சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் மூதாட்டி முழங்காலைப் பிடித்துத் தரையில் அமர்கிறாள். அதே சொல்லோடு எழுகிறாள். பேரன் வாசலில் வந்து நின்றால் அதே சொல்லால் அவனை வரவேற்கிறாள். பேருந்து தவறினாலும் அய்கோ, விருந்தினர் கை நிறையப் பொருளோடு வந்தாலும் அய்கோ. நம் வீட்டில் குழந்தை 'ஐயோ' என்றால் பெரியவர்கள் அதட்டுவார்கள். அது எமன் மனைவியின் பெயர் என்று ஒரு நம்பிக்கை. நல்ல நாளில் அச்சொல் நாவில் வரக்கூடாது. கொரியச் சொல்லுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே 'அய்கோ'வைக் கண்ட இடமெல்லாம் 'ஐயோ' என்று பெயர்ப்பவர் தவறிழைப்பார். கிழவி அமரும்போது அது 'அப்பாடா'. பேரனைக் காணும்போது 'அடடே'. பொருள் கைதவறி உடையும்போது 'அடடா'. சாவு வீட்டில் மட்டுமே 'ஐயோ'. ஆங்கிலவழிப் பாடநூல் இவை அனைத்துக்கும் ஒரே ஒரு சொல்லைத் தந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பேரனை வரவேற்கும் அந்தப் பாட்டி அடுத்துச் சொல்வது 'நே செக்கி'. 'செக்கி' என்றால் விலங்கின் குட்டி. 'என் குட்டி' என்று அவள் கொஞ்சுகிறாள். அதே 'செக்கி' வளர்ந்த ஆண்களிடையே கொடிய வசை. தொடரில் கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் மாணவன் இதில் அடிபடுவான். பாட்டி பேரனை 'அடே, திருட்டுப் பயலே' என்று அணைப்பதை அறிந்த தமிழனுக்கு இது விளங்காத செய்தியா? சொல்லுகின்ற வாயும் கேட்கின்ற செவியும் யாருடையவை என்று முதலில் அறிய வேண்டும்.

இதைக் கொரியர் இலக்கணமாகவே ஆக்கி வைத்துள்ளனர். தாழ்ந்த அல்லது நெருங்கிய பேச்சு 'பன்மல்'; மதிப்புப் பேச்சு 'ஜொந்தேன்மல்'. இரண்டுக்கும் இடையே நாள்தோறும் நின்று காவல் புரிவது 'யோ' என்ற ஓரசை. தோழன் ஒரு செய்தி சொன்னால் 'ஜிஞ்சா?' எனலாம். மூத்தவரோ புதியவரோ சொன்னால் 'ஜிஞ்சாயோ?' என்றாக வேண்டும். ஆங்கில நூல் இரண்டையும் ஒரே பொருளில் எழுதி, பின்னதன் அருகில் 'மரியாதை' என்று குறித்துவிடும். மாணவன் அதை மனப்பாடம் செய்கிறான், வாய் பழகுவதில்லை. ஆனால் தமிழன் இதனைத் தாய்ப்பாலோடு அறிந்தவன். 'அப்படியா?' என்பது ஜிஞ்சா, 'அப்படிங்களா?' என்பது ஜிஞ்சாயோ. 'ஆமாங்க', 'சரிங்க', 'இல்லீங்க' என்று கொங்கு நாட்டு உழவர் சொல்லின் வாலில் ஒட்டுகின்ற அந்த 'ங்க' ஏறத்தாழ 'யோ' செய்யும் பணியைத்தான் செய்கிறது. இதை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. கோவைக்காரர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தினால் ஒரு பாடத்தை அரை மணியில் முடித்துவிடலாம்.

'யா!' என்று அழைப்பது நம் 'டேய்' போன்றது. இளையவரையும் ஒத்த வயதுத் தோழரையும் அழைக்கலாம். மற்றவரை அழைத்தால் சண்டை. அச்சண்டையில் 'உனக்கு வயது என்ன?' என்பதே முதல் கேள்வியாக வருவதும் உண்டு. வயது தெரியாமல் அங்கே வாய் திறப்பது கடினம். (பிறந்தவுடன் ஒரு வயது, புத்தாண்டு தோறும் மேலும் ஒன்று என்ற பழைய கணக்கை விடுத்து, அரசு நடைமுறைகளில் உலக வழக்கிலான வயதே செல்லும் என்ற சட்டம் 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 'டேய்' சொல்லும் உரிமையை அச்சட்டம் தொட்டதாகத் தெரியவில்லை.)

புதிய வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாயடைத்துப் போனால் இளைஞர் 'ஹொல்' என்பர். பெருவெற்றிக்கும் பெருவியப்புக்கும் 'தேபக்'. அன்றைய அதிபர் பார்க் குன்ஹே 2014 ஜனவரியில் இரு கொரியாக்களின் ஒன்றிணைப்பைத் 'தேபக்' என்று வருணித்தபோது, அதிபர் வாயில் தெருச்சொல்லா என்று பேச்செழுந்தது. ஆக்ஸ்போர்டு அகராதி 2021இல் ஒருசேர ஏற்றுக்கொண்ட 26 கொரியச் சொற்களில் அதுவும் ஒன்று. ஊக்கமூட்ட 'ஹ்வைட்டிங்' என்பார்கள். சண்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அங்கே வாழ்த்தாகிவிட்டது. அதற்கு மாற்றாக 'ஆஜா' என்ற சொந்தச் சொல்லை அரசின் மொழி நிறுவனம் 2004இல் முன்வைத்தது. மக்கள் என்ன செய்தார்கள்? 'ஆஜா ஆஜா ஹ்வைட்டிங்' என்று இரண்டையும் சேர்த்தே முழங்குகிறார்கள். கலைச்சொல் ஆக்கும் நம் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், சற்றே வருந்தவும் செய்யலாம்.

கவிஞர்களுக்கென்று ஒரு சொல்லை வைத்திருக்கிறேன். கொதிக்கும் சாற்றை ஒரு வாய் உறிஞ்சியவுடன் கொரிய முதியவர் 'ஆ, ஷிவொன்ஹாதா' என்பார். சொல்லுக்கு நேர்ப்பொருள் 'குளிர்ச்சியாக இருக்கிறது' என்பது. நாக்கு சுடுகிறது, நெஞ்சுக்குள் ஏதோ திறந்துகொள்கிறது. வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாலும், பிடித்துக்கொண்ட தோளை ஒருவர் அமுக்கிவிட்டாலும் இதே சொல்தான். 'இதம்' என்று நாம் பெயர்க்கலாம். ஆனால் சூட்டைக் குளிர்ச்சி என்று சொல்லும் அந்த முரண் போய்விடும். அதைக் காப்பாற்றும் ஒரு தமிழ்ச் சொல்லை உங்களில் யாரேனும் கண்டு தர வேண்டும்.

2024இல் ஹான் காங் நோபெல் பரிசு பெற்ற பின்னர்க் கொரிய இலக்கியத்தின்பால் தமிழில் ஆர்வம் மிகுந்துள்ளது. ஆங்கிலத்தை இடைநிலையாகக் கொண்டு பெயர்ப்போரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உணவுக்கடையில் ஒருவன் 'இமோ!' என்று குரல் கொடுக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இமோ என்றால் தாயின் உடன்பிறந்தவள். தந்தையின் உடன்பிறந்தவள் 'கோமோ'. கடையில் பரிமாறுபவளை யாரும் அப்படி அழைப்பதில்லை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் கலக்கிவிட, அதிலிருந்து பெயர்ப்பவர் 'அத்தை' என்று எழுதிவிடக்கூடும். 'ஆண்ட்டி' என்றும் எழுதலாம். தாயின் தங்கைக்கும் தமக்கைக்கும் தந்தையின் உடன்பிறந்தாளுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் நமக்கு இந்த இழப்பு தேவைதானா? கொரியத்திலிருந்து நேரே தமிழுக்கு ஒரு சிறு கையகராதி, முந்நூறு பேச்சுச் சொற்கள் அளவிலேனும், இந்த வட்டத்தின் அடுத்த வெளியீடாக வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் 'இமோ'வுக்கு எதிரே 'சித்தி' என்று உறவைக் காத்து எழுதுவதா, நம் உணவுக்கடை வழக்கப்படி 'அக்கா' என்று எழுதுவதா என்பதை இன்று மாலைத் தேநீரின்போதே நாம் வாதிடத் தொடங்கலாம்.