ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



லிபியாவின் கிழக்குக் கடற்கரையில் டெர்னா என்றொரு நகரம் உண்டு. 2023 செப்டம்பர் 10-ஆம் நாள் இரவு, டேனியல் புயல் அப்பகுதியில் பெருமழையைக் கொட்டியது. அல்பைதா நகரில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. டெர்னாவுக்கு மேலே, 1970-களில் கட்டப்பட்ட இரு அணைகளும் விடியுமுன் உடைந்தன. உறங்கிய குடும்பங்களோடு தெருக்கள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இதைக் கேட்டதும், “அல்லாஹ்வின் நாட்டம்” என்கிறோம். அது ஈமானின் சொல், மறுப்பதற்கில்லை. ஆனால், அச்சொல்லுக்குப் பின்னால் மனிதனின் அலட்சியம் ஒளிந்துகொள்ளலாமா?

அந்த அணைகளை உடனே பழுதுபார்க்க வேண்டும் என்று லிபிய நீரியல் அறிஞர் ஒருவர் 2022-லேயே எழுதி எச்சரித்தார். எவரும் செவிசாய்க்கவில்லை. 2024-இல் நீதிமன்றம் 12 அதிகாரிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பூமியைச் சூடாக்கியதால், இத்தகைய மழைக்கான வாய்ப்பு 50 மடங்கு வரை கூடியிருந்தது என்றும் ஆய்வாளர்கள் கணித்தனர். ஆக, தொலைவில் புகை கக்கிய கைகளும் குற்றவாளிகள். அருகிலிருந்தும் அணையைக் கவனியாத கைகளும் குற்றவாளிகள்.

சகோதரர்களே! கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதர்களின் கைகளே காரணம் என்றும், அவர்கள் திரும்புவதற்காகவே அதன் ஒரு பகுதியைச் சுவைக்கச் செய்வதாகவும் சூரா அர்ரூமில் அல்லாஹ் உணர்த்துகிறான். திரும்புவது என்றால் தவ்பா. பாவத்தைக் கைவிடாமல் நாவால் மட்டும் வருந்துவது தவ்பா ஆகுமா?

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததைத் திர்மிதீயில் காண்கிறோம்.

நம் ஒட்டகம் எது? மஹல்லாவின் அடைபட்ட வடிகால். கரை பலவீனமான ஏரி. மழைக்காலத்திற்கு முன் அவற்றைப் பார்வையிடுவதும், ஜமாஅத் சார்பில் அதிகாரிகளிடம் எழுதிக் கேட்பதும் உயிர் காக்கும் அமல்கள். நடக்கக்கூடிய தூரத்திற்கு வண்டியை எடுக்காதிருப்போம். ஜும்ஆவுக்கு நடந்து வருவதில் நன்மையும் உண்டல்லவா?

எச்சரிக்கையைக் கேட்டுத் திருந்துவோரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக! டெர்னாவில் மரணித்தோரின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக!

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!